கச்சானுக்கு எதிரே

நாலே முக்காலுக்கு உப்புவெளியில் புறப்படும்போது
காற்று இல்லை.
அதை நம்பித்தான் ஆளுக்கு இரண்டே போத்தல் தண்ணீர்.

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள்
இன்னும் இருட்டுக்குள்.
கிண்ணியாப் பாலத்தின் நடுவில் விடிந்தது.
தூண்டில்காரர் இருவர் நகர்ந்து வழிவிட்டார்கள்.
"எங்கே?"
"வெருகலுக்கு."
"பஸ் இருக்கே" என்றார் ஒருவர்.
மற்றவர் எங்கள் கால்களைப் பார்த்தார்.

உப்பாறு. பிறகு கங்கை.
ஒவ்வொரு பாலமும்
சமதரைக் கால்களுக்கு ஒரு சின்ன மலை.
ஏறும்போது சுகிர்தா பேசமாட்டாள்.
இறங்கும்போது
அரைவாசியில் விட்ட வசனத்தை முடிப்பாள்.

ஒன்பதரைக்குக் கச்சான் எழும்பிற்று.
கொறிக்கிற கச்சானுக்கும்
தோலுரிக்கிற இந்தக் காற்றுக்கும்
ஒரே பெயர் வைத்தவர்
சைக்கிள் ஓடியிருக்க மாட்டார்.
அல்லது நன்றாகவே ஓடியிருப்பார்:
ஒன்றை நாங்கள் உடைக்கிறோம்,
மற்றது எங்களை.

வயல், வயல், ஒரு மாடு, வயல்.
சிறுபோகம் வெட்டிய அரிதாள்
தென்மேற்கே அடிவானம் மட்டும்.
மறைப்பு ஒரு பற்றைகூட இல்லை.
அந்த மருதமரம்
அரை மணி நேரமாய் அதே தூரத்தில் நிற்கிறது.
கிலோமீட்டர் கல் வந்தால்
சுகிர்தா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.
மீற்றர் ஆறு காட்டியது.
நடந்தாலே ஐந்து.

பச்சனூர் கடந்து
வைக்கல் ஏற்றிய பெட்டியோடு ஓர் உழவு மெசின்
எங்களை முந்தியது.
முந்திய கணம் காற்று நின்றது,
யாரோ கதவைச் சாத்தியது போல.
பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டோம்.
டீசல் புகை, பல்லிடுக்கில் வைக்கல்,
பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு.
தொடை எரிந்தது. நான் பின்தங்கத் தொடங்கினேன்.

அப்போது மெசினின் சத்தம் தணிந்தது.
பள்ளமில்லை, பழுதில்லை.
அவன் திரும்பிப் பார்க்கவுமில்லை,
அத்தனை வைக்கலுக்கு மேலால்
பார்க்கவும் முடியாது.
பதினைந்தில் வைத்தான்.
கிளிவெட்டியில் ஒரு வான் ஹோர்ன் அடித்து,
ஏசி, முந்திப் போனது.
அப்போதும் பதினைந்து.
அவனுக்கும் எங்கோ ஆட்கள் காத்திருந்திருப்பார்கள்,
கூலி ஏறிக்கொண்டிருந்திருக்கும்.

சேருநுவரவுக்கு முன்னமே
ஒரு மண்பாதைக்குள் திரும்பினான்.
கை ஒன்று வெளியே வந்தது,
போங்கள் என்றா, போய்வாருங்கள் என்றா.
நீலச் சட்டை. முகம் தெரியவில்லை.
நன்றி என்று கத்தினேன்.
கச்சான் அதைப் பிடுங்கி
நாங்கள் வந்த வழிக்கு எறிந்தது.

பின்னேரம், வெருகல் ஆற்றில் காலை விட்டபடி
சுகிர்தா கொப்பியை விரித்தாள்.
எழுபத்து மூன்று கிலோமீட்டர்.
அதில் பதினொன்றை வட்டமிட்டு
"இது நாங்கள் ஓடினதில்லை" என்றாள்.
மிதித்தது யாரடி என்றேன்.
"பெடலை நாங்கள். காற்றை அவன்."

நாளைக்குத் திரும்பும்போது
கச்சான் முதுகுப் பக்கம்.
அதையும் கழிப்பாயா என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை.
பையைத் துழாவி
ஒரு கச்சானை எடுத்து உடைத்தாள்.