கழிவு

தேக்கரண்டியின் காம்பை வெட்டி
இரண்டு முனையிலும் துளை போட்டு
மும்முள் கொக்கியைக் கோத்திருந்தார் இஸ்தாக்கி.
தண்ணீரில் இழுபடும்போது
அடிபட்ட குஞ்சு மீன் மாதிரித் துடிக்கும்.
துடிக்கிற வரைக்கும் கவலையில்லை.

காசல்ரீ தளும்புகிற ஆடி மாதம்.
வசந்தவின் தோணி, ஞாயிறு மட்டும் எங்களுக்கு;
வாடகை, கிடைக்கிற மீனில் பாதி.
பெட்ரோல் விற்கிற விலைக்கு
மோட்டார் கரையிலேயே கிடந்தது.
அவர் துடுப்புப் போட்டார்.
நான் பின்னால் குந்தி
இருபது பாகம் தங்கூசியை விட்டு
ஆள்காட்டி விரலில் தாங்கிப் பிடித்திருந்தேன்.
"கொழுந்து கிள்ளுற விரல்,
உனக்குத்தான் தெரியும்" என்பார்.
அவருக்குத் தோள் வலி மட்டும்தான் தெரியுமாம்.

மூன்று நாள் மழை
ஓடை ஓடையாகக் கழுவி இறக்கியிருந்தது:
சல்வீனியா, அறுந்த பாசி, புல் திட்டு,
யூரியாப் பையின் பிரிந்த நூல்,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
காற்று அதையெல்லாம் ஒதுக்கி
நீள நீளக் கோடுகளாகத் தண்ணீரில் போட்டிருந்தது,
நிரை பிடித்த மலை மாதிரி.

பத்துத் துடுப்புக்கு ஒருமுறை
விரலில் துடிப்பு நின்றுவிடும்.
கனம் இருக்கும், உயிர் இருக்காது.
"பாசி" என்பேன். அவர் நிறுத்துவார்.
இழுப்பேன், கிள்ளுவேன், உதறுவேன், விடுவேன்.
மறுபடி பாசி.
கோட்டுக்குக் குறுக்கே போகாதீங்க,
ஓரமாகவே போங்க என்றேன்.
ஓரத்திலும் பாசி.
வெடுக்கென்று சுண்டினால் சில நேரம் கழன்றுகொள்ளும்.
பல நேரம் இன்னும் இறுகும்.

கடைசியில் சட்டை ஊக்கைக் கழற்றி
முனையைத் திறந்தபடி
கரண்டிக்கு ஒரு முழம் முன்னால் முடிந்தேன்.
நூல் வழியே ஊர்ந்து வருகிற பாசி
ஊக்கில் தங்கிவிட்டது.
கரண்டி தன்பாட்டில் துடித்தது.
"இன்ஜினியர்!" என்றார்.
ஒரு கையால் சட்டையை, மறு கையால் நூலைப் பிடித்தபடி
இன்ஜினியர் குளிரில் நடுங்கினேன்.

மத்தியானம் நோர்வூட் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது.
கரை காணாமல் போனது.
தொழிற்சாலையின் உறுமல் மட்டும் எங்கேயோ இருந்தது.
அப்போது ஒரு கனம்.
ஊக்கையும் தாண்டிய கனம்.
உதறல் இல்லை, திமிறல் இல்லை;
நனைந்த சாக்கை இழுக்கிற மாதிரி வந்தது.
"பாசிதான். பெரும் பாசி."
அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு
பீடியைத் தேடினார்.

தோணி ஓரம் வந்த பச்சை மூட்டையை
இரண்டு கையாலும் அள்ளி உள்ளே போட்டேன்.
கிள்ளினேன். இன்னும் கிள்ளினேன்.
உள்ளே ஒரு கண் இருந்தது.

விரால்.
தலையோடு பாசி சுற்றிக்கொண்டதில்
கண்ணிரண்டும் மூடி
இழுத்த இழுப்புக்கு வந்திருக்கிறது.
கண் திறந்த பிறகுதான்
தோணியே ஆடுகிற மாதிரி அடித்தது.
இஸ்தாக்கி அதன் மேல் விழுந்தார்.
பீடிக்கட்டு முழுக்க நனைந்துபோனது.

கரையில் வசந்த தராசைக் கொண்டுவந்தான்.
இரண்டு கிலோ நானூறு.
"தண்ணிக்கு எவ்வளவு கழிக்கணும்?" என்றார் இவர்,
அப்படியே கணக்கப்பிள்ளையின் குரலில்.
இருமல் வருகிற வரைக்கும் சிரித்தேன்.
வசந்தவுக்கு விளங்கவில்லை.
மீனை நடுவாக வெட்டி
தலைப் பக்கத்தை எங்களுக்குத் தந்தான்.
பாசியையும் சாக்கில் கட்டித் தூக்கினோம்,
லீக்ஸ் பாத்திக்கு.

திங்கள். மழை. நிறுவை.
முள் பதினெட்டில் நின்றது.
பதினாறு என்று எழுதினார்,
முள்ளைப் பார்க்காமலே.
எத்தனை வருஷமாக, நானும் பார்க்காமலே.

நூல் அறுத்த விரல் எரிந்தது.
கொழுந்துச் சாக்கின் வாயைப் பிடித்தபடி
நகராமல் நின்றேன்.
"நடங்கக்கா, நனையுது" என்று
பின்னாலிருந்து ஜெயசீலி தள்ளினாள்.
கனம் இருந்தது.
விரல் கேட்டது:
பாசியா?