எதிரியின் ஊர்

கொளஞ்சியப்பர் கோயில் எழுத்தர்
பேனா மூடியைப் பல்லால் கழற்றிக் கேட்டார்:
பிராது யார் மேல்?

மடியிலிருந்த தாளைப் பிரித்தேன்.
பையனின் கணக்கு நோட்டில் கிழித்தது.
காலையில் இதன்மேல்தான்
ஒரு மல்லாட்டைக் கொழுந்தைத் தட்டினேன்.
தூசி உதிர்ந்தது.
தூசி நடந்தது.

இலைப்பேன் என்றேன்.
தகப்பன் பேர்? என்றார்.
கிண்டல் இல்லை,
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது.

சொல்லிக்கொண்டு போனேன்.
ஆலடி. செம்மண். ஒன்றரை ஏக்கர். மார்கழியில் ஊன்றினது.
முப்பத்தைந்தாம் நாள் இலையில் வளையம்,
டீ கிளாஸை வைத்து எடுத்த தடம் மாதிரி.
அடுத்த வாரம் கொழுந்து கருகிற்று.
கணுவும் கணுவும் நெருங்கி
செடி தன்னையே முடிச்சுப் போட்டுக்கொண்டு
உட்கார்ந்துவிட்டது.
நேற்று எழுபதாம் நாள், ஒன்றைப் பிடுங்கினேன்.
பாதி விழுது மண்ணைத் தொடவே இல்லை.
தொட்டதில் இரண்டு காய்,
உடைத்தால்
தீட்டுத் தீட்டாய்ச் சிவந்த தோலுக்குள்
பருப்பென்று சொல்ல ஒன்று.

மருந்து அடிச்சீங்களா?
அடித்தேன். பேன் செத்தது.
அது கொடுத்துவிட்டுப் போனது சாகவில்லை.

விவசாய ஆபீசில் ஒரு பெண் விளக்கினாள்:
பேன் நோயோடு பிறப்பதில்லை அக்கா.
இறக்கை முளைக்காத வயதில்
நோய்ப்பட்ட இலையை உறிஞ்சினால் உண்டு.
வளர்ந்தபின் எவ்வளவு குடித்தாலும் ஒட்டாது,
சின்னதில் குடித்ததைத்தான்
சாகும்வரை எல்லா இலைக்கும் ஊட்டிக்கொண்டு போகும்.
கேட்டுவிட்டு வெளியே வந்து
சைக்கிள் பூட்டைத் திறக்க
எனக்கு நேரமாயிற்று.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உண்மையில் தேசிங்கு மேல்தான்
எழுதக் கிளம்பினேன்.
ஒன்றுவிட்ட கொழுந்தன். வடக்கு வரப்பு அவனுடையது.
உளுந்து போட்டுவிட்டு
பாதியில் திருப்பூருக்குப் பஸ் ஏறினவன்.
இலை சுருண்ட உளுந்து பிடுங்க ஆளில்லாமல் நின்றது.
காற்றும் வடக்கிலிருந்து.
இதைவிட என்ன சாட்சி?

ஆனால் இந்தச் சாமியிடம்
பொய்ப் பிராது வைத்தால் வைத்தவருக்கே திரும்புமாம்.
பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
ஒருதரம் சரிபார்த்தேன்.

மயில் கிளறித் தின்ற குழிகளில்
நான் திரும்ப விதை ஊன்றவில்லை.
விதை விற்ற விலை அப்படி.
மொட்டைத் திட்டைப் பார்த்துத்தான் பேன் இறங்குமாம்,
அடர்ந்த பயிரென்றால் தாண்டிப் போகுமாம்.
ஓரத்தில் கம்பு விதைக்கச் சொன்னார்கள்.
கம்பு யார் தின்கிறார்கள் என்று கேட்டேன்.
தெற்கு வரப்பு முழுக்கப் பார்த்தீனியம்,
கல்யாண வாசலில் சிந்திய அட்சதைபோல
வெள்ளைப் பூ.
தெற்கு வரப்பு என்னுடையது.

எதிரியின் ஊர் எவ்வளவு தூரம்?
தூரத்துக்குத் தகுந்த கட்டணம்மா, சொல்லுங்க.
பின்னால் வரிசை நெளிந்தது.
ஒருவர் நகை பற்றி வந்திருந்தார், ஒருவர் மருமகன் பற்றி.

எனக்கு எவ்வளவோ அவ்வளவு, என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.
எழுதினார். கீழே
பெரியநாயகி என்று நான் கையெழுத்துப் போட்டேன்.
தொண்ணூறு நாளில் தீர்ப்பு.
மல்லாட்டைக்கு இருப்பதோ
முப்பத்தைந்து நாள்.

முனியப்பர் வேலில் நூலைச் சுற்றும்போது
கணக்குத் தாளையும் சேர்த்துக் கட்டினேன்.
மடிப்பிலிருந்து தூசி ஒன்று எழும்பி
கொஞ்சம் தயங்கி
சாமி கழுத்துச் சாமந்திக்குப் போனது.