ரகர றகரம்

கொரயா என்ற பெயரில் இந்த ஊரில் பதினொரு வீடு.
டெலிபோன் புத்தகத்துக் கணக்கு, பழசு.
இரண்டு வீடு கனடாவுக்குப் போய்விட்டன.
ஒன்று பூட்டிக் கிடக்கிறது,
முற்றத்தில் மான்கள் படுத்திருக்கின்றன.

மிச்சம் எட்டுக்கும் போனேன்.
உவர்மலையில் கேற்றைத் திறக்காமலே கேட்டார்கள்:
"காணி விசயமோ?"
இல்லை, பெயர் விசயம் என்றேன்.
"அதுவும் கடைசியில காணியிலதான் வந்து நிக்கும்"
என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

பாலையூற்றில் பெனடிக்ற்றா
தேத்தண்ணி வைத்துவிட்டு
மேசையில் சிந்திய துளியை விரலால் இழுத்து
எழுதிக் காட்டினா.
"எங்களுக்கு வல்லின ற. உங்களுக்கு இடையின ர.
ஆக்கள் வேற, பிள்ளை."
எனக்கு வயது ஐம்பத்தொன்று.
வாசல்வரை வந்து, என் முகத்தைத் திருப்பிப் பார்த்து,
"மூக்கு மட்டும் எங்கட மூக்கு" என்றா.

அதன் பிறகுதான் அலுமாரி.
உள்துறைமுக வீதியில்
செத்துப்போன பிரக்கிராசி ஒருவரின் வீடு.
சட்ட அறிவித்தலுக்காக அவர் கட்டிவைத்த பேப்பர்களை
சனிக்கிழமைகளில் மட்டும் பார்க்கலாம்,
மின்விசிறி போடக்கூடாது.
தாள் புரட்டினால் ஓரம் தூளாகி
மடியில் விழும்; சீலை உதறித்தான் பஸ் ஏறுவேன்.

மூன்று மாதம் மரண அறிவித்தல்களாகப் படித்தேன்.
பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்,
அன்பு மகனும், அருமை மருமகனும்,
பாசமிகு, பாசமிகு, பாசமிகு.
யாரையும் வெறுத்தவர்கள்
இந்த ஊரில் செத்ததே இல்லைப்போல.

பிறகு, 1934 ஆவணி.
கூந்தல் தைலத்துக்கும்
காணாமற்போன செவலைப் பசுவுக்கும்
(இடது காதில் வெட்டு) இடையில்
ஐந்து வரி:

*சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்
இதுவரை கதிர்காமத்தம்பி சித்திரவேல்
என அழைக்கப்பட்டு வந்த நான்
இன்று தொடக்கம் ஸ்தேவான் கொரயா
என்றே அழைக்கப்படுவேன்.*

அப்பப்பா.

ஏன் என்று இல்லை.
டொக்யாட் வேலையா, அப்பம்மாவா,
ஞானஸ்நானமா, கடன்காரனா.
சொல்லுக்கு இவ்வளவு சதம் என்று
பக்கத்தின் அடியில் விலை போட்டிருந்தது.
காரணத்துக்கு இடம் வாங்கக் காசு காணாமல் போயிருக்கும்.

எட்டு கேற்றிலும் நான் தட்டியது
ஒருவர் இரவல் வாங்கிய சட்டையை
யாருடையது என்று கேட்டுத்தான்.

சரி, கதிர்காமத்தம்பியைத் தேடலாம் என்றால்
அது ஒரு தகப்பனின் பெயர்.
பிள்ளையோடு நின்றுவிடும்.
பேரனுக்கு முன்னால் வேறு எழுத்து,
அவன் மகளுக்கு இன்னொன்று.
இருட்டில் நடப்பவர்கள்போல
முன்னால் போகிறவரின் தோளை மட்டும் பிடித்த வரிசை;
அதற்கு முன்னால் யாரென்று கைக்குத் தெரியாது.
திருக்கடலூரில் எனக்குச் சூடை நிறுக்கிறவர்
என் இரத்தமாக இருக்கலாம்.
ஆனாலும் தராசுக் கம்பை விரலால் அமத்துகிறார்.

1942 சித்திரையோடு கட்டு முடிந்தது.
குண்டு விழுந்த கிழமை ஊர் ஓடியது,
பேப்பர்க்காரனும் ஓடியிருப்பான்.

நான் தேடலை விட்டேன்.

போன மாசி ஒரு செவ்வாய்,
பதினோராம் பக்கத்தில் பெனடிக்ற்றா.
முப்பது வருடத்துக்கு முந்திய படம்.
பாலையூற்றைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்...
அன்பு மகளும், பாசமிகு தாயாரும்,
கீழே, பேரப்பிள்ளைகளுக்கும் பிறகு,
*மெற்றில்டா கொறையாவின் மாமியும் ஆவார்.*

மெற்றில்டா நான்.
ற போட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து
அவவே பெயர்களைச் சொல்லி எழுதுவித்தாவாம்.
செத்த வீட்டில் மகள் சொல்லிவிட்டு
என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஐந்து வரி விசயத்தை
நான் அவளுக்குச் சொல்லவில்லை.

எண்பது வருடம் போய்
யாரோ ஒருத்தி எவருடையவோ அலுமாரியில்
இந்த வரியைக் கண்டு,
குறித்துக்கொண்டு,
பிழையான கேற்றில் வந்து தட்டுவாள்.

பேப்பர் முகவரிடம் கேட்டேன்.
"திருத்தம் போடலாம் அக்கா, எழுநூற்றைம்பது ரூபா."
வேண்டாம் என்று வெளியே வந்தால்
பஸ் நிலையத்தடியில் ஒரு கொம்பன் மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை
சுற்றிய பேப்பரோடு மென்றுகொண்டிருந்தது.
எத்தனையாம் பக்கம் என்று
குனிந்து பார்த்தேன்.