தோழி கூற்று, அஞ்செட்டி

இன்றிரவு வராதே.
மாலை ஐந்து நாற்பதுக்கு வனத்துறைச் செய்தி வந்தது:
பதினேழு யானை, இரண்டு குட்டி,
தொட்டல்லா ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம்.
உனக்கும் அனுப்பினேன்.
நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.
ஷிப்ட் முடிந்து பத்தரைக்குக் கிளம்புவாய்.
தேன்கனிக்கோட்டை தாண்டினால் டவர் கிடையாது.
கொண்டை ஊசி வளைவில் உன் ஒற்றை விளக்கை
மின்மினி என்று நினைத்துக்கொள்ள
யானைக்கு என்ன கட்டாயம்?

அவள் பரணில் இருக்கிறாள்.
நான் கீழே, தகர டின்னோடு.
ராகிக் கதிர் விரல் மடக்கிவிட்டது.
பால் பிடித்த வாசம் நமக்கே தெரிகிறது,
அவற்றுக்குத் தெரியாதா?
நாலு வயல் தள்ளி அவள் அப்பா வெடி போடுகிறார்.
ஒவ்வொரு வெடிக்கும் அவள் திடுக்கிடுவது
யானைக்காக என்று நினைக்கிறார்.

தருமபுரியில் எம்.ஏ. படித்தபோது
இந்த இரவைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
மலை. நள்ளிரவு. கூதிர்.
தினைக்குப் பதில் ராகி,
கவணுக்குப் பதில் சீன டார்ச்.
வருகிறவனைத் தோழி தடுப்பாள்.
பாம்பு என்பாள், வழுக்குப் பாறை என்பாள்,
ஆற்றில் முதலை என்பாள்.
அத்தனைக்கும் பொருள் ஒன்றுதான்:
பெண் கேட்டு வா.
திருத்தியவர் ஏழு போட்டார்.
ஓரத்தில் சிவப்பு மையில்,
'உதாரணம் போதாது.'

போன வாரம் நீ தந்த ரோஜாவை
அவள் சூடவில்லை, தெரிந்துகொள்.
ஒசூர்ப் பசுமைக்குடில் பூ,
மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டி வளர்த்தது.
எங்கள் ஊரில் எந்தச் செடிக்கும் அந்த நிறம் வராது.
தலையில் வைத்திருந்தால்
களத்துமேடு முழுக்க ஒசூர், ஒசூர் என்று பேசியிருக்கும்.
வலையைக் கழற்றிக் கொலுசோடு முடிந்து வைத்திருக்கிறாள்.
பூவை ஆடு தின்றது.
நான்தான் கொடுத்தேன்.

உங்கள் இருவர் பெயரும் சொல்லக் கூடாது,
அது பழைய சட்டம்.
அவள் ஃபோனில் நீ 'உரக்கடை'.
என் ஃபோனில் 'உரக்கடை 2'.
யானைக்குப் பெயர் உண்டு.
வலது தந்தம் ஒடிந்தவன் ஒத்தைக்கொம்பன்,
கூட்டத்துக்குப் பின்னால் அரை மைல் விட்டுத் தனியாக வருவான்.
போன தையில்
உரிகம் பாதையில் சித்தலிங்கனை மிதித்தது அவன்தான்.
சித்தலிங்கனுக்குப் பெயர் பேப்பரில் வந்தது,
வயது முப்பத்தொன்று, வண்டி எண் உட்பட.
அந்த நேரத்தில்
யாரைப் பார்க்க வந்தான் என்று வரவில்லை.

அன்றும் இதேபோல் செய்தி வந்தது எனக்கு.
படிக்கவில்லை.
தலை வாரிக்கொண்டிருந்தேன்.

தோழிக்குத் தோழி கிடையாது இலக்கணத்தில்.
அவளுக்கு நிலம் ஒதுக்கவில்லை, பொழுதும் இல்லை.
பிறர் பேச்சைச் சுமந்து
வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பாள்.
யானை போன மறுநாள் ராகி வயலைப் பார்த்திருக்கிறாயா?
குழி குழியாக நீர் நிற்கும்,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம்.
அதற்கு எந்தத் திணை என்று
பாடத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வா.
ஒசூரிலிருந்து காலை ஒன்பது நாற்பது பஸ்,
அம்மாவைக் கூட்டிக்கொண்டு.
அவள் அப்பாவிடம் கன்னடத்தில் பேச்சைத் தொடங்கு,
சீக்கிரம் இளகுவார்.
வெற்றிலை மறக்காதே. ரோஜா வேண்டாம்.

நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.
அதுதான் பயம்.
மேலே அவள் டார்ச்சை அணைக்கிறாள்,
காது கூர்மையாக.
தூரத்தில் மூங்கில் முறிகிறது,
அல்லது நீ கியர் மாற்றுகிறாய்.

டின்னைத் தட்டத் தொடங்குகிறேன்.
மூன்றாவது வளைவுவரை கேட்கும்.
வண்டியைத் திருப்பு.