நாலாம் மாடித் தீவு

விடிய ஐந்தரை.
வெள்ளவத்தையில் இன்னும் பால் வேன் வரவில்லை.
கட்டிலில் இருந்தபடியே விளையாட்டைத் திறக்கிறேன்,
தீவிலும் அதே ஐந்தரை, அதே மங்கல்.
நேற்று நட்ட ஏழு செடியில் ஐந்து பூத்திருக்கிறது.
இரண்டுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறேன்.

தீவுக்குப் பெயர் கேட்ட அன்று
வேறொன்றும் தோன்றாமல் வீட்டு விலாசத்தைப் போட்டேன்:
நாலாம் மாடி.
தர்மினி விழுந்து விழுந்து சிரித்தாள்.
அம்மா சிரிக்கவில்லை.
அவவுக்கு அந்தச் சொல் வேறொரு கட்டடம்,
மாமா இரண்டு கிழமை இருந்துவிட்டு
பேச்சில்லாமல் திரும்பி வந்த கட்டடம்.
எனக்கு அது
லிப்ட் பழுதானால் அறுபத்தெட்டுப் படி.

முதல் நாள் ஒரு கூடாரம், ஒரு கோடரி, கொஞ்சம் கடன்.
கடன் தந்தவர் ஓர் ஆமை, கண்ணாடி போட்டவர்.
வட்டி இல்லை, தவணை இல்லை,
முடியும்போது தாருங்கோ என்கிறார்.
பன்னிரண்டு மாத அட்வான்சை
எச்சில் தொட்டு எண்ணி வாங்கிய
எங்கள் வீட்டுக்காரரை நினைத்து
ஆமையை இரண்டு தரம் கும்பிட்டேன்.
கும்பிடவும் ஒரு பொத்தான் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஆடு குடிவந்தது.
ஒரு பெட்டி, ஒரு மேசை விளக்கு,
மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளி.
சொந்த ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை.
அடையாள அட்டையின் இரண்டு பக்கமும்
போட்டோக் கொப்பி எடுத்து
பொலிசில் பதியச் சொல்லவில்லை.
ஆற்றங்கரையில் நான் அடித்த முளையைச் சுற்றி
மறுநாள் காலை வீடு நின்றது.

பாலமும் அப்படித்தான்.
சிப்பி விற்று, சூடை மீன் விற்று
உண்டியல் நிறைந்த இரவுக்கு அடுத்த காலை, பாலம்.
திறந்துவைக்க யாரும் வரவில்லை, பெயர்க்கல் இல்லை.
நானும் ஆடும் மட்டும்
அக்கரைக்குப் போய்
இக்கரைக்கு வந்தோம்.

பகல் முழுக்கப் புறக்கோட்டையில்
இன்னொருவரின் இறக்குமதிக் கணக்கு.
பருப்பு, செத்தல் மிளகாய், டொலர் ஏற்றம்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் தொங்கி வரும்போது
நான் யோசிப்பது
கிழக்குப் பாறையை உடைப்பதா
அருவியை ஒரு கட்டம் தள்ளிவைப்பதா.

பிறகு டெங்கு.
களுபோவில ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.
பிளேட்லெட் இறங்குது என்றார்கள்,
ஏறுது என்றார்கள்.
பக்கத்துக் கட்டில் பெண்ணின் மகன்
போனில் யாரையோ சுட்டுக்கொண்டேயிருந்தான்.

திரும்பி வந்து திறந்தால் தீவெல்லாம் புல்.
ஆடு ஓடிவந்தது, எங்கே போனீர் என்று.
கடையில் கேட்டது மெடிக்கல் சேர்ட்டிபிகேட்.
அன்று முப்பது புல் பிடுங்கினேன்,
அடுத்த நாள் பத்தொன்பதுதான், கை சோர்ந்துவிட்டது.
வாசலில் ஒன்றை விட்டுவைத்தேன்.
ஏனென்று தெரியாது.

கடற்கரை மட்டும் சரிவரவேயில்லை.
மணல் சரி. தாழை சரி. அலைச் சத்தமும் சரி.
ஏதோ ஒன்று குறைந்தது, மூன்று இரவு முழித்திருந்தேன்.
பிறகுதான் பிடிபட்டது:
தண்டவாளத்தைக் கடக்காமல்
நான் ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை.

இந்த விளையாட்டில் ரயில் இல்லை.
கருங்கல் ஓட்டை இரட்டை வரிசையாய்
கரையோரம் நெடுகப் பதித்தேன்,
இடையிடையே மரத்துண்டு.
ஆமையிடம் மறுபடி கடன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இன்று ஆடு
அதன் நட்ட நடுவில் நின்று
தும்பி பார்க்கிறது.
யன்னல் கண்ணாடி மெல்ல அதிரத் தொடங்குகிறது.
தெகிவளைப் பக்கமிருந்து காலை ரயில்.
தள்ளு, தள்ளு என்று
பொத்தானை அழுத்துகிறேன்,
அழுத்திக்கொண்டேயிருக்கிறேன்.
அது ஆறுதலாய்த் திரும்பி
இன்றைக்கு நல்ல காற்று என்கிறது.