ஆழம் பூஜ்யம்

தேங்காய்ப்பட்டணத்தில், ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடி.
கீழே கட்டி நொறுக்கும்போதெல்லாம் என் மேசை நடுங்கும்.
ஆறு மணிக்கொருதரம் கிளைடர் கூப்பிடும்.

மஞ்சள் உடம்பு. என் உயரம்.
விசிறி இல்லை, துடுப்பு இல்லை.
வயிற்றிலிருந்து ஒரு டம்ளர் எண்ணெயை
வெளிப்பைக்குத் தள்ளினால் எழும்,
உள்ளே இழுத்துக்கொண்டால் இறங்கும்.
ஏறுவதையும் இறங்குவதையும்
முன்னே போவதாக மாற்றிக்கொள்ளும் இரண்டு சிறகு.
நானும் சில வருஷம் அப்படித்தான் நகர்ந்தேன்.

மேலே வந்ததும் மூக்கைத் தண்ணீருக்குள் கவிழ்த்து
வாலைத் தூக்கும்.
வாலில்தான் அதற்கு வாய்.
எண்ணூறு மீட்டரில் எவ்வளவு குளிர், எவ்வளவு உப்பு,
நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளிற்று,
எல்லாம் செயற்கைக்கோளிடம் ஒப்பித்துவிட்டு
மறுபடி முங்கும்.

கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடியேறிய மறுநாள்
ஆழம் பூஜ்யம்.
அடுத்த அழைப்பிலும் பூஜ்யம்.
உப்பு இல்லை.
வெப்பம் நாற்பத்து மூன்று.
எந்தக் கடல் நாற்பத்து மூன்று காய்கிறது?

பிறகுதான் வேகத்தைப் பார்த்தேன்.
மணிக்கு ஏழு மைல், ஓட்டத்துக்கு எதிரே,
அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி மேற்கே.
சுறா விழுங்கினால் இப்படிப் போகாது.
எவனோ தூக்கி போட்டில் வைத்திருக்கிறான்.

சென்னையிலிருந்து கேட்டார்கள்:
எந்த போட்? கூப்பிட்டுச் சொல்.
எதில் கூப்பிட?
வயர்லெஸ் எட்டும் தூரத்தை எப்போதோ தாண்டிவிட்டது.
பதினோரு பேர், நாற்பது நாள் தங்கல்.
அவர்களுக்கு இல்லாத வாய்
அவர்கள் தூக்கிப் போட்ட சாமானுக்கு இருக்கிறது.

டீ வாங்கப் போன இடத்தில் சொல்லிவிட்டேன்.
சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.
சாயங்காலம் மாடிப்படியில் செருப்புச் சத்தம்:
சின்னத்துறை மெற்றில்டா,
வள்ளவிளை பிளாரன்ஸ், அவள் நாத்தூன்,
இரவிபுத்தன்துறையிலிருந்து கைப்பிள்ளையோடு ஒருத்தி,
பெயர் சொல்லவில்லை.

திரையில் ஒரே ஒரு புள்ளி.
"எங்க போட்டு இந்நேரம் அங்கதான் நிக்கும்."
"ஒனக்கு எப்பிடிப் பிள்ளே தெரியும்?"
"என்ஜின் ரூம் கூரைல வச்சிருக்கணும், அதான் இந்தச் சூடு.
எங்க ஆளு அங்கதான் படுக்கும்."
ஒரு புள்ளிக்கு நான்கு வீடு.
இல்லை என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

நடுராத்திரி அழைப்பில் வெப்பம் இருபத்தாறு.
"குளுந்திட்டு" என்றாள் மெற்றில்டா,
காய்ச்சல் விட்ட பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவள் போல.
பெயர் சொல்லாதவள் மட்டும்
விரலை நீட்டிப் புள்ளியை அமுக்கினாள்.
திரையில் ரேகை நின்றது. நான் துடைக்கவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை
ஆழம் பன்னிரண்டு.
நாற்பது.
முன்னூற்றுப் பத்து.
யாரோ ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்கிறான்:
ஆராய்ச்சிக் கருவி. கடலில் விட்டுவிடவும்.
சென்னையில் கைதட்டினார்கள், போனில் கேட்டது.
படியேறி வந்தவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது,
இனி இது வெறும் கடல்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தரக்குறி போட வேண்டும்.
ஒன்று என்றால் நல்லது.
நான்கு என்றால் கெட்டது, கணக்கில் சேராது.
பதினாலு அழைப்பு, பதினாலு பூஜ்யம்.
நான்கு, நான்கு, நான்கு என்று தட்டிக்கொண்டே போனேன்.
விதி அது. கடலைப் பற்றி அவை ஒன்றுமே சொல்லவில்லை.

அப்புறம் ஐஸ் பில்லின் பின்பக்கம்
பதினாலு இடத்தையும் கையால் எழுதினேன்,
அட்சம் ஒரு பக்கம், தீர்க்கம் ஒரு பக்கம்,
நான்கு பிரதி.
மூன்றாவது பிரதியில் ஐந்தெல்லாம் ஆறு போலிருக்கிறது.
கீழே கட்டி நொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்,
இன்னொரு போட் புறப்படுகிறது.