எட்டாவது வரைபடம்

கிண்டி எஸ்டேட்டில் கரண்ட் போய்விட்டது.
யுபிஎஸ் கூவக் கூவ
திரையில் பாதி மரையோடு நிற்கிறது
நாலு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வேர்.

மேல்தாடை எலும்பு ரஸ்க் மாதிரி
என்றார் டாக்டர் தில்ஷாத்.
அதற்கு மரை ஆழமாக வேண்டும், நுனி கூம்ப வேண்டும்.
கீழ்த்தாடையில் அதையே முறுக்கினால்
எலும்பு நெரிந்து செத்துப்போகும்.

லேத்தில் எபினேசர்
டைட்டானியத்தைப் பளபளவென்று கடைந்து தருகிறான்.
பாவம், நாளை அமிலத்தில் போட்டுச்
சொரசொரப்பாக்கிவிடுவேன்.
ஈறு தொடும் கழுத்து மட்டும்
வழவழப்பாக இருக்கும்.
மூன்று மாதத்தில் எலும்பு வந்து கவ்விக்கொள்ளும்
தன்னுடையது என்று நினைத்து.

எல்லாம் வரைந்தாயிற்று,
நிஜப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே
இரண்டு காகித கனத்தில் இருக்கும்
அந்த நார்மெத்தையைத் தவிர.
சோற்றில் கல் கிடந்தால்
நாக்குக்கு முன்னால் அதற்குத் தெரியும்.
என் திருகு
கல்லையும் சோறென்றே அரைக்கும்.

மதியம் டப்பாவைத் திறந்தோம்.
எபினேசர் சட்டென்று மெல்வதை நிறுத்தினான்,
விரலால் துழாவி எடுத்தான்.
வாங்கி வெர்னியரில் வைத்தேன்.

பூஜ்யம் புள்ளி ஆறு.